சீனிராஜ் நிற்கிற இடம்

வெள்ளாகுறிச்சிக்குப் பஸ்ஸில் வந்துபோகிற எல்லாருக்கும் தெரியும், ஊருக்குள் பஸ் மூன்று இடத்தில் நிற்கும்: ரயில்வே கேட், ஆஸ்பத்திரி முக்கு, அதை விட்டால் சீனிராஜ். "சீனிராஜெல்லாம் முன்னாடி வாங்க, சீனிராஜெல்லாம் முன்னாடி வாங்க" என்று கண்டக்டர் கத்தும்போது வெளியூர்க்காரர்கள் அது யாரோ தலைவருடைய சிலை என்று நினைத்துக்கொண்டு இறங்கி, அண்ணாந்து பார்ப்பார்கள். அண்ணாந்து பார்த்தால் தெரியாது, குனிந்து பார்க்கவேண்டும். ரோட்டோரத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு சதுரக் குழி இருக்கும். அந்தக் குழிக்குள் கட்டம்போட்ட அரைக்கைச் சட்டையும், வலது கையில் பஸ் டிக்கெட் அடிக்கிற மிஷினும், பாதி தூக்கிய இடது கையும், எதிர்மாடி ஜன்னலைப் பார்த்த முகமும், பாதி திறந்த வாயுமாக சீனிராஜ் நின்றுகொண்டிருப்பான். சிலை கிலை எல்லாம் இல்லை. தொட்டால் உடம்பில் சூடு இருக்கும். மூக்குக்குக் கீழே விரலை வைத்தால் மூச்சு வராது, ஆனால் இதோ வந்துவிடும் என்று தோன்றும். அவனுக்கு இருபத்தேழு வயசு. பத்தொன்பது வருஷமாக இருபத்தேழு வயசு.

அவனை அப்படி நிறுத்திவிட்டது செண்பகவல்லி. வேண்டுமென்று செய்தாள் என்றால் பாவம், தெரியாமல் செய்தாள் என்றால் பொய், கோபத்தில் செய்தாள். அது தன்னைத் தவிர ஊரில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

குழிக்கு எதிரே இருக்கிற கட்டடத்தில் கீழே பாத்திரக்கடை, மேலே மிஷின் கம்பெனி. கம்பெனியை நடத்தியவர் தியோடர் சார். எந்த மிஷினாக இருந்தாலும் அதற்குள் ஓடுகிற புரோகிராமுக்கெல்லாம் அடியில் ஒரு புரோகிராம் உட்கார்ந்திருக்கும், அது அசைந்தால்தான் மற்றது அசையும், அதற்குப் பேர் கெர்னல். டிக்கெட் மிஷினுக்கு அந்தக் கெர்னலை எழுதுவதுதான் கம்பெனி வேலை. அதற்குள் டீபக்கர் என்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். மிஷினைக் கேபிளால் கம்ப்யூட்டரோடு கோர்த்து 'நில்' என்று உத்தரவு கொடுத்தால், கெர்னல் போகிற போக்கில் அப்படியே நிற்கும். உள்ளே எது எங்கே கோணிக்கொண்டது என்று சாவகாசமாகப் பார்த்துவிட்டு 'கன்டினியூ' கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். நடுவில் கேபிளை உருவிவிட்டால் மட்டும் அது முறுக்கிக்கொள்ளும். ஒரு தடவை கையை விட்டவரிடம் மறுபடி கை கொடுக்காது. அதனால் தியோடர் சார் ஒவ்வொரு மேஜைக்கு மேலேயும் தன் கையெழுத்தில் ஒட்டிவைத்திருந்தார்: கன்டினியூ கொடுக்காமல் கேபிளைப் பிடுங்காதே. வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் இதைச் சொல்லிவிட்டுத்தான் டீயே வாங்கிக் கொடுப்பார்.

செண்பகமும் சீனிராஜும் ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள். மிஷினை வெயிலில், தூசியில், பஸ் இரைச்சலில் வைத்துப் பார்க்கிற வேலை அவனுக்கு; மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து கெர்னலை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிற வேலை அவளுக்கு. ஜன்னலிலிருந்து ரோட்டுக்குக் குறுக்கே, பஸ் நிற்கிற இடம்வரைக்கும் ஒரு நீளக் கேபிள் தொங்கும். அதற்கு இந்த முனையில் அவளும் அந்த முனையில் அவனுமாக ரெண்டு வருஷம் கத்திக் கத்திப் பேசினார்கள், சிரித்தார்கள், டீக்கடையிலிருந்து எனக்கொன்று உனக்கொன்று என்று வடை வாங்கித் தின்றார்கள். சொல்லவேண்டிய ஒரு வார்த்தையை மட்டும் நீ சொல்லு, நீ சொல்லு என்று ரெண்டு பேரும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள்.

அன்றைக்குப் புதன்கிழமை, மத்தியானம் பன்னிரண்டே முக்கால். அவள் அப்போதுதான் 'நில்' கொடுத்திருந்தாள். கீழே இருந்து அவன், இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்று சொல்கிற அதே குரலில், "செண்பகம், புனேல வேல கெடச்சிருச்சு, திங்கக்கெழம கெளம்பணும்" என்றான். நீயும் வர்றியா என்று கேட்பான், போகட்டுமா என்றாவது கேட்பான் என்று அவள் ஒரு நிமிஷம் காத்திருந்தாள். அவன் மிஷினைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான், அவளுக்கு எங்கிருந்து அவ்வளவு ஆங்காரம் வந்ததோ, எழுந்து நின்று, "போறவன் போக வேண்டியதுதான, யாரு உன்னப் புடிச்சு வச்சா!" என்று கத்திக்கொண்டே கேபிளைப் பிடித்தாள். அவன் அண்ணாந்து பார்த்தான், இடது கையைத் தூக்கினான், எதையோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் பிடுங்கிவிட்டாள். மிஷினுக்குள் கெர்னல் நின்றபடிக்கு நின்றது, அதைக் கையில் பிடித்திருந்தவனும் அதோடு சேர்ந்து நின்றுவிட்டான்.

கேபிளைத் திரும்பச் செருகினாள். ஒன்றுமில்லை. கன்டினியூ, கன்டினியூ, கன்டினியூ என்று முந்நூறு தடவையாவது கொடுத்திருப்பாள். அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சாயங்காலம் தியோடர் சார், என்ன நடந்தது என்று எழுதிக் கொடும்மா என்றார். அவள் ஒரு முழு வெள்ளைத்தாளில் 'காரணம் தெரியவில்லை' என்று ரெண்டே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ஊர் என்ன செய்தது என்று கேளுங்கள். முதல் நாள் கூட்டமான கூட்டம், பஸ் நகர இடமில்லை. ரெண்டாம் நாள் டாக்டர் வந்து நாடி பார்த்து, நோய் என்று ஒன்றுமில்லை, நின்றுகொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் போலீஸ்காரர் வந்து, பொது இடத்தில் நிற்பது குற்றத்தில் வராது என்று எழுதிக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் கூட்டம் பாதியாகி, ஒரு மாதத்தில் அவனைச் சுற்றிப்போகிற நடைபாதை ஒன்று தானாக விழுந்து, ஒரு வருஷத்தில், "சீனிராஜுகிட்ட நில்லு, வந்துர்றேன்" என்று வீட்டுப் பெண்கள் பேசிக்கொள்கிற அளவுக்கு அவன் ஊருக்குப் பழகிவிட்டான். தூக்கிய கையில் குடையை மாட்டிவிட்டுக் காய்கறி வாங்கப் போனார்கள். திரும்பி வரும்போது குடை அங்கேயேதான் இருந்தது, சீனிராஜிடமிருந்து குடை திருட யாருக்கும் மனசு வரவில்லை. ஒரு கட்சிக்காரர்கள் அவன் விரலிடுக்கில் கொடியைச் செருக, மற்றக் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வர, கடைசியில் தேர்தல் முடிகிறவரைக்கும் அவன் கையை ஒரு வெள்ளைத் துணியால் சுற்றிவைப்பது என்று ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். ரேஷன் கார்டில் பேர் இருந்தது. ஓட்டர் லிஸ்ட் பார்க்க வந்த டீச்சர், ஆள் குடிமாறிவிட்டாரா என்ற கட்டத்தில், இல்லை, இங்கேயே இருக்கிறார் என்று எழுதினார். ரோடு போட வந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் அவன் காலைச் சுற்றி ஒரு முழம் விட்டுவிட்டுத் தார் ஊற்றினார்கள். நாலு தடவை ரோடு போட்டதில் ரோடு உயர்ந்தது, அவன் குழிக்குள் ஆகிவிட்டான்.

வாயைப் பாதி திறந்து நிற்கிறவன் என்ன சொல்லவந்தான் என்பதுதான் ஊருக்குப் பெரிய பேச்சு. பஸ் ஏதோ வருகிறது என்று சொல்லவந்தான் என்றார் ஒருத்தர். தண்ணீர் கேட்டான் பாவம் என்றாள் ஒருத்தி. குழிக்குப் பக்கத்திலேயே டீக்கடை வைத்திருந்த சங்கரலிங்கம் அண்ணாச்சி மட்டும் எதுவும் சொல்லமாட்டார். "அது அவன் வாயி, அவனே சொல்லட்டும், நமக்கென்ன அவசரம்?" என்று டீயை ஆற்றிக்கொண்டே இருப்பார். செண்பகத்துக்கும் அதே கேள்விதான், ராத்திரி பகல் அதே கேள்விதான். என்னோடு வா என்று சொல்லவந்தானா, சரிதான் போடி என்று சொல்லவந்தானா? முதலாவது என்றால் அவள் பாவி. ரெண்டாவது என்றாலும் பாவிதான், ஆனால் கொஞ்சம் ஆறுதலான பாவி.

அவனுக்கு அம்மா மட்டும்தான், பேர் ராமுத்தாய், தீப்பெட்டி ஆபீஸில் குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிற வேலை. நின்றுபோன மகனை அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள், தொங்கிக்கொண்டிருந்த கேபிளை எடுத்து அவன் மணிக்கட்டில் வளையமாகச் சுற்றி முடிந்தாள், வேலைக்குப் போய்விட்டாள். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து ஈரத்துணியால் முகம் துடைப்பாள், சட்டையில் தூசி தட்டுவாள், மழை பெய்திருந்தால் குழியிலிருந்து தண்ணீர் இறைப்பாள். எவனோ ஒருத்தன் ஆடி மாசம் வந்து அவன் நெற்றியில் சந்தனத்தைப் பூசிச் சூடம் கொளுத்தப் போக, ராமுத்தாய் விளக்குமாற்றோடு ஓடிவந்துவிட்டாள். "எம்புள்ள சாமி இல்லடா, சோறு திங்காம நிக்கிற மனுசன்! இன்னொருவாட்டி சூடத்தக் கொண்டாந்த, உன் கையிலயே ஏத்துவேன்!" அதோடு சாமி கும்பிடுகிற பேச்சு அடங்கியது.

முகம் துடைக்கத் தண்ணீர் வேண்டுமே, அதற்கு அவள் மாடி ஏறி கம்பெனிக்கு வருவாள். இருபத்திரண்டு படி. முழங்கால் வலி உள்ளவள், படிக்குப் படி "எம்மா, எம்மா" என்று முனகிக்கொண்டே ஏறி வந்து, ஜன்னலோரம் இருக்கிற செண்பகத்திடம்தான் சொம்பை நீட்டுவாள். "தாயி, ஒரு செம்பு தண்ணி குடு." செண்பகம் எழுந்துபோய்ப் பிடித்துக்கொண்டு வந்து கொடுப்பாள். ராமுத்தாய் உடனே போகமாட்டாள். சொம்பை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். "என்ன தாயி, வேற ஒண்ணும் இல்லயே?" என்று கேட்பாள். "ஒண்ணும் இல்லம்மா" என்பாள் செண்பகம். "சரி, அப்ப வாரேன்." பத்தொன்பது வருஷத்து வெள்ளிக்கிழமை எத்தனையோ, அத்தனை தடவை இதே பேச்சு. நடுவில் செண்பகத்துக்குக் கல்யாணம் ஆனது. புருஷன் பத்திர ஆபீஸில் வேலை, குரல் உயர்த்தாத மனுஷர், அவரும் தினம் சாயங்காலம் சீனிராஜில்தான் இறங்கி வீட்டுக்கு வருவார். அவளுக்குத் தலையில் நரை வந்தது, கண்ணாடி வந்தது. வெள்ளிக்கிழமையும் சொம்பும் மட்டும் மாறவில்லை.

இதில் அவள் யாரிடமும் சொல்லாத இன்னொன்றும் உண்டு. கம்பெனியில் இருக்கிற கெர்னலும் அவன் கையில் இருக்கிற கெர்னலும் ஒன்றுதான் என்பதை அவள் முதல் மாதத்திலேயே கண்டுகொண்டாள். இங்கே அந்த டீபக்கர் கோடில், அதாவது அதற்கென்று எழுதின புரோகிராம் வரிகளில், ஒரு எழுத்தைத் தொட்டால், பேட்டரி என்றைக்கோ தீர்ந்துபோன அந்த மிஷினில் பச்சை விளக்கு ஒரு தடவை சிமிட்டும். அப்படியென்றால் நிறுத்திவைக்கிற கோடை மொத்தமாக எடுத்துவிட்டால்? நிறுத்தினதைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் அது ஓடத்தானே வேண்டும்? ரெண்டாவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாத ஆபீஸில், அதே சாதி மிஷின் பத்தை எடுத்து, கோடைத் தனியாக நகல் பிரித்துப் பரீட்சை செய்தாள். பத்தையும் நிறுத்தினாள், பத்திலும் கேபிளைப் பிடுங்கினாள், கோடை எடுத்தாள். ஏழு மிஷின் விட்ட இடத்திலிருந்து ஓடியது. மூன்று மிஷின் ஒரு கீச்சுச் சத்தம் போட்டுச் செத்துப்போய், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

ஏழா, மூன்றா? அந்த மூன்றை நினைத்து நினைத்து அவளுக்குக் கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆனது. இது நான் எடுக்கிற முடிவு இல்லை, அவன் அம்மாவிடம் கேட்கவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். கேட்கவேண்டுமென்றால் கேபிள் கதையைச் சொல்லவேண்டும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. இந்த வெள்ளிக்கிழமை சொல்லிவிடலாம், அடுத்த வெள்ளிக்கிழமை கட்டாயம் சொல்லிவிடலாம் என்று தள்ளித் தள்ளி, கோடுக்கு மேலே 'இதை யாரும் எடுக்கவேண்டாம் - செ.' என்று ஒரு வரி எழுதிவைத்தாள். புதிதாக வருகிறவர்கள் வருஷத்துக்கு ஒருத்தராவது, இந்தப் பழைய குப்பை எதுக்குக்கா என்று கேட்பார்கள். "யாராவது எங்கயாவது உபயோகப்படுத்துவாங்க, இருக்கட்டும்" என்பாள். போன பங்குனியில் ராமுத்தாய் படுத்துவிட்டாள். செண்பகம் பார்க்கப் போனபோது தலையணைக்கு அடியிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடி, "அவன் வந்தா கதவு தெறக்கணும்ல தாயி, நீ வச்சிக்க" என்றாள். அப்புறம் வழக்கமான கேள்வியையும் கேட்டாள். "வேற ஒண்ணும் இல்லயே?" செண்பகம் வழக்கமான பதிலையே சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை முகம் துடைக்க ராமுத்தாய் வரவில்லை, அதற்கப்புறம் எந்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை.

தியோடர் சார் ஒதுங்கிக்கொண்டபின் கெர்னல் பொறுப்பு ஹபீபாவுக்கு வந்தது. ஹபீபா உள்ளூர்ப் பெண். சின்ன வயசில் எம்பி எம்பி சீனிராஜ் கையில் ஸ்கூல் பையை மாட்டிவிட்டுப் பாண்டி ஆடியவள். அவள் ஒரு நாள் எல்லாருக்கும் எழுதினாள்: இந்த டீபக்கர் கோடை யார் உபயோகிக்கிறீர்கள்? பதினைந்து நாள் பார்த்தாள். ஒருத்தரும் பதில் போடவில்லை. நேராக செண்பகத்தின் மேஜைக்கே வந்துவிட்டாள்.

"யக்கா, நாலாயிரம் வரி. இந்தக் கேபிள் செருகுற ஓட்டையே இப்ப வர்ற மிஷின்ல கெடையாது. ஆனா உள்ள கோடு இருக்கிறதால, ஒரு துண்டு ஒயர உள்ள கோக்கத் தெரிஞ்சவன் ஓடுற பஸ்ல கண்டக்டர் மிஷின நிறுத்திப்பிடலாம். மிஷின் வாங்குறவுக கேக்குறாக, நான் என்ன சொல்லட்டும்?"

செண்பகம் ஜன்னல் வழியாகக் குழியைக் காட்டி, பச்சை விளக்கு சிமிட்டுவதையும் அந்த ஏழு மூன்று கணக்கையும் முதல் தடவையாகச் சொன்னாள், தான் கேபிளைப் பிடுங்கினதை மட்டும் விட்டுவிட்டாள். "எடுத்தா அவன் என்ன ஆவான்னு தெரியாது ஹபீபா."

"தெரியாமலே இன்னும் எத்தன வருசம் வைக்கிறது?" ஹபீபா குரலைத் தாழ்த்தினாள். "இப்ப அவரு பொழைக்கல, சாகவும் இல்ல. நாளைக்கு ஒரு கண்டக்டரு இப்படி நின்னுட்டா, அப்ப நாம யாருக்குப் பதில் சொல்றது? ... அவுக அம்மா இருந்தப்ப கேட்டீங்களாக்கா?"

"இல்ல."

"ஏன்?"

செண்பகம் மேஜைக்கு மேலே தியோடர் சார் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தாள். பழுத்து மஞ்சளாகி, ஓரம் சுருண்டு, எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. ஹபீபாவும் அதைப் பார்த்துவிட்டு, "வியாழக்கெழம பதினோரு மணிக்கு எடுத்துர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விஷயம் தெரிந்ததும் ஊர் கொதித்துப்போனது. அவன் செத்துவிடுவானோ என்று கொதித்தவர்கள் கொஞ்சப்பேர்தான். "அவன் போயிட்டா பஸ் எங்கன நிக்கும்?" என்று கேட்டார்கள் கடைக்காரர்கள். "நல்லாருக்கே கத, கல்யாணப் பத்திரிகையிலயே சீனிராஜ் ஸ்டாப் எதிரில்னு அடிச்சாச்சு" என்றார் மண்டபத்துக்காரர். இருக்கிறவன் பாட்டுக்கு இருக்கட்டும், யாருக்கு என்ன இடைஞ்சல் என்று எழுதி நூற்றிப்பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஹபீபா மரியாதையாக வாங்கிப் படித்துவிட்டு, "நீங்க யாராச்சும் அவரு எடத்துல நிக்கத் தயாரா? ஒரே ஒரு பேரு குடுங்க, நிறுத்திர்றேன்" என்றாள். எல்லாரும் படியிறங்கிவிட்டார்கள்.

வியாழக்கிழமை ஊரே ரோட்டில் நின்றது. ஆம்புலன்ஸ் வந்து ஓரமாக நின்றது. பட்டனை நீங்களே தட்டுங்கக்கா என்றாள் ஹபீபா. நான் கீழே நிற்கிறேன், விழுந்தால் பிடிக்க ஆள் வேண்டும் என்று செண்பகம் இறங்கிவந்துவிட்டாள். குழிக்குள் இறங்கி, அவனுக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். இவ்வளவு கிட்டத்தில் அவள் அவனைப் பார்த்ததே இல்லை. நடுவில் எப்போதும் ஒரு ரோடும் ஒரு கேபிளும் இருந்தது. கன்னத்தில் சவரம் செய்தபோது கீறின ரத்தக்கோடு ஒன்று இன்னும் காயாமல் இருந்தது. சாமி, இவன் என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டட்டும், ஏழு பக்கம் விழட்டும், மூன்று பக்கம் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டாள். மேலே ஜன்னலிலிருந்து ஹபீபா, "எடுக்கட்டுமா?" என்றாள். செண்பகம் தலையாட்டினாள். பச்சை விளக்கு ஒரு தடவை சிமிட்டி அணைந்தது.

"செண்பகம், கேபிளப் புடுங்கிராத, கன்டினியூ குடுக்கல!" என்றான் சீனிராஜ்.

அவ்வளவுதான். பத்தொன்பது வருஷமாக அந்த வாய்க்குள் இருந்தது அவ்வளவுதான். வா என்றும் இல்லை, போடி என்றும் இல்லை. முதல் நாளே டீக்கு முன்னால் சொல்லிக் கொடுத்த, அவள் தலைக்கு மேலேயே ஒட்டியிருந்த, அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்த ஒரு வரி. இதைக் கேட்கவா பயந்தேன், இதற்காகவா இவன் அம்மாவிடம் சொல்லாமல் மறைத்தேன் என்று நினைத்தாள். அவன் கால் தடுமாறி முன்னால் சாய்ந்தான், அவள் தோளைப் பிடித்துத் தாங்கினாள்.

"பாத்து யக்கா, பாத்து" என்று அவன்தான் அவளைச் சுதாரித்து நிறுத்தினான். "யாரு தோண்டுனது இந்தக் குழிய? இப்பக் காலையில இல்லையே." குழியிலிருந்து ஏறி, மணிக்கட்டில் முடிந்திருந்த கேபிளைப் புரியாமல் பார்த்து அவிழ்த்தான். ஜன்னலைப் பார்த்தான், அங்கே அவனுக்குத் தெரியாத, முக்காடு போட்ட ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். "மேல ஒரு புள்ள இருந்துச்சே யக்கா, பாத்தீங்களா? கோவக்காரி. கோவிச்சிக்கிட்டு எறங்கிப் போயிட்டா போல. பத்து நிமிசத்துல சரியாயிருவா, நான் அதுக்கப்பறம் பேசிக்கிறேன், அவகிட்ட ஒண்ணு கேக்கணும்." டீக்கடைப் பக்கம் திரும்பி சங்கரலிங்கம் அண்ணாச்சியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி கடைல இல்லயா? நீங்க அவுக அப்பாவா?" என்றான். ரெண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. ஒரு டீயை ஆற்றி அவன் கையில் கொடுத்தார்.

ஊர் கொஞ்ச நேரம் பார்த்தது. நடக்கிறானா, நடக்கிறான், பேசுகிறானா, பேசுகிறான். சரி, நல்லதாப் போச்சு என்று சொல்லிவிட்டு அவரவர் வேலைக்குக் கலைந்தார்கள். பதினொன்றேகால் பஸ் வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் தள்ளாடி, பாத்திரக்கடையைத் தாண்டிப் போய் நின்றது. கண்டக்டர் பழக்கத்தில், "சீனிராஜெல்லாம் எறங்குங்க" என்று கத்தினான். சீனிராஜ், "யாரு கூப்புடுறது?" என்று திரும்பிப் பார்த்தான்.

அவனுக்கு யார் சொல்வது? அவன் டீயைக் குடித்துவிட்டு, அம்மா சாப்பாட்டுக்கு வருகிற நேரம், ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று தெருவுக்குள் நடந்தான். செண்பகம் குழிக்குள்ளேயே நின்றாள். அண்ணாச்சி வந்து கையைக் கொடுத்து அவளைத் தூக்கிவிட்டார்.

"போ தாயி. நீதான் சொல்லணும்."

"அண்ணாச்சி?"

"அன்னைக்குக் கட வாசல்ல நின்னு நான் பாக்கலயா, ஜன்னல்ல நின்னு நீ புடுங்கினத? ராத்திரியே ராமுத்தாய்கிட்ட சொல்லிட்டேன். அவ கத்தி ஊரக் கூட்டப்போறான்னு நெனச்சேன். அவ சொன்னா, சின்னப்புள்ள, கோவத்துல செஞ்சிருச்சு, அதுவா வந்து சொல்லட்டும், யாரும் அத ஒண்ணும் கேக்கப்படாதுன்னு." அண்ணாச்சி கடை வாசலில் இருந்த குழாயைக் காட்டினார். பித்தளைக் குழாய், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் நின்ற இடத்துக்கும் அதற்கும் நாலு எட்டுத்தான் இருக்கும். "தண்ணி இங்கயே இருக்கு தாயி. அந்த முழங்கால வச்சிக்கிட்டு அவ எதுக்கு மாடி ஏறுனா?"

செண்பகத்தின் காதில், வேற ஒண்ணும் இல்லயே, வேற ஒண்ணும் இல்லயே என்று அத்தனை வெள்ளிக்கிழமையும் ஒன்றாகக் கேட்டன. கேட்டுக் கேட்டு, பதிலுக்கு உட்கார்ந்து உட்கார்ந்து, கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டும் ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனாள். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் ரெண்டு பேருமாகச் சேர்ந்து அந்த ஏழுக்கும் மூன்றுக்கும் துணிந்திருப்பார்கள், ராமுத்தாய் மகன் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கண்ணை மூடியிருப்பாள். மன்னித்துக் காத்திருந்தவளை அவள் காத்திருக்கவே விட்டுவிட்டாள். நடுரோட்டில் நின்று அவள் வாய்விட்டு அழுதாள். அண்ணாச்சி போகச் சொல்லிக் கையசைத்தார்.

தீப்பெட்டி ஆபீஸ் தெருவில் மூன்றாவது வீடு. அவன் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் கோலம் இல்லை, நிலையில் சிலந்தி கூடு கட்டியிருந்தது, ஓட்டுச் சரிவில் ஒரு ஆலங்கன்று முளைத்து விரல் கனத்துக்கு வளர்ந்திருந்தது. அவன் அதையெல்லாம் பார்த்தான். கையில் இருந்த செத்த மிஷினை ஓரமாக வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தான்.

"பூட்டிட்டுப் போயிருக்கா யக்கா. சாப்பாட்டுக்கு வந்துருவா. நீங்க போங்க, நான் காத்திருக்கேன்" என்றான்.

செண்பகம் போகவில்லை. இடுப்பில் செருகியிருந்த ராமுத்தாயின் சாவியைக் கையில் எடுத்தாள். அவனுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் இடம் விட்டு, அதே படியில் உட்கார்ந்தாள்.

"சீனி" என்றாள்.

அப்படிக் கூப்பிடுகிறவள் ஊரில் ஒருத்திதான் உண்டு. அவன் திடுக்கிட்டுத் திரும்பி, கண்ணாடியைப் பார்த்தான், நரையைப் பார்த்தான், அப்புறம் கண்ணைப் பார்த்தான். அவள் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"கன்டினியூ குடுக்காமக் கேபிளப் புடுங்கினது நாந்தான் சீனி" என்று ஆரம்பித்தாள்.